திரையிலே தெரிந்த தெரு

கொட்டகைக்குள்ளே விளக்கு அணைகிறது. வெண்திரையிலே ஒளி விழுகிறது. முழக்கமானதோர் இசை. அதைத் தொடர்ந்து கனத்த குரலிலே ஒருவர் பேசத் தொடங்குகிறார். அங்கே அணைக்கட்டுக்கு அடிக்கல்; இங்கே ஆலைக்குத் திறப்பு விழா; வெள்ளம் சூழ்ந்த பகுதியிலே அமைச்சர் பெருமகனார்! உடனே என்ன நடக்கும்? தரை டிக்கெட்டிலிருந்து நாற்காலி வரிசை வரையிலே பாதிப்பேர் எழுந்து விடுவார்கள் — சோடா குடிக்க, முறுக்கு வாங்க, பீடி பற்றவைக்க! "நியூஸ் ரீல்தான் ஓடுது, மெதுவாகப் போகலாம்" என்று வாயிற்படியிலே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். 1952ஆம் ஆண்டிலே 'பராசக்தி'யோடு கதவு திறந்து, ஆசியாக் கண்டத்திலேயே பெரியது என்று பேசப்பட்ட மதுரைத் தங்கம் திரையரங்கிலே படம் பார்த்த முதியவர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். புன்முறுவலோடு 'ஆம்' என்பார்.

1948ஆம் ஆண்டிலே இந்திய அரசு திரைப்படப் பிரிவு என்றோர் அமைப்பை ஏற்படுத்திற்று. அது எடுத்த செய்திப் படங்களையும் விவரணப் படங்களையும் நாட்டிலுள்ள திரையரங்குகள் காட்ட வேண்டும் என்பது பல்லாண்டுகள் நடைமுறையிலிருந்த விதி. காட்டியே தீரவேண்டும் என்று அரசு கட்டளையிட்டது. பார்த்தே தீரவேண்டும் என்று எவராலும் கட்டளையிட முடியவில்லை! திரை இருந்தது, படம் இருந்தது, கண்தான் வெளியே போயிருந்தது.

இன்றோ நிலைமை தலைகீழ். தங்கம் திரையரங்கு இல்லை. செய்திப் படமும் இல்லை. அந்தத் திரைப்படப் பிரிவையே தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்துவிட 2022இல் அரசு ஆணை பிறப்பித்தது. ஆனால் உழைத்துக் களைத்து வீடு திரும்பும் தொழிலாளியின் உள்ளங்கையிலே, சட்டைப் பைக்குள் அடங்கும் கருவியிலே, உலகத்து ஆவணப்படங்கள் பலவும் வந்து காத்துக் கிடக்கின்றன. எழுந்து வெளியே போகவும் தேவையில்லை. விரலால் ஒரு தள்ளுத் தள்ளினால் போதும், போயே போய்விடும். அன்று கட்டாயம் இருந்ததால் பார்க்கவில்லை. இன்று கட்டாயம் இல்லாததால் பார்க்கவில்லை. எப்படியோ, பார்ப்பதற்கு மட்டும் நமக்கு வேளை வாய்க்கவில்லை!

"பார்க்கத்தக்க ஆவணப்படங்கள் எவை? அறிவியல், கலை, பண்பாடு, வரலாறு என்று பிரித்து ஒரு பட்டியல் தரலாகாதா?" என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். கேட்பது நல்லது. கேள்வி பிறந்த இடத்திலேதான் அறிவும் பிறக்கும். பட்டியல் தருவதும் கடினமன்று. ஆனால் பட்டியலைக் கையிலே கொடுப்பதற்கு முன்னால் ஓர் அளவுகோலைக் கொடுக்க விரும்புகிறேன். படம் முடிகிறது, எழுந்து வெளியே வருகிறீர்கள், நேற்று வரையில் நீங்கள் நடந்து சென்ற அதே தெரு, இன்று உங்களுக்குப் புதிதாகத் தெரிகிறதா? நேற்றுவரை காணாத ஒன்றை அங்கே உங்கள் கண் காண்கிறதா? காண்கிறது என்றால் அது பார்க்கத்தக்க படம். இல்லையென்றால், அது எத்தனை கோடி செலவிலே எடுக்கப்பட்டதாயினும், தூரத்துப் பச்சை; கண்ணுக்குக் குளிர்ச்சி, அவ்வளவே!

இந்த அளவுகோலைக் கையிலே பிடித்துக்கொண்டு நான்கு துறைகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவோம், வாருங்கள்.

முதலிலே அறிவியல். 1979ஆம் ஆண்டிலே டேவிட் அட்டன்பரோ 'பூமியில் உயிர்' என்ற தொடரை வழங்கினார். மறு ஆண்டு கார்ல் சேகன் 'காஸ்மாஸ்' என்ற தொடரை வழங்கினார். இரண்டும் பதின்மூன்று பகுதிகள் கொண்டவை. ஒன்று கடலடிப் பாசியிலிருந்து மனிதன் வரையிலே உயிர் வளர்ந்த வரலாற்றைச் சொல்கிறது; மற்றொன்று மனிதனை அழைத்துக்கொண்டு விண்மீன்களிடையே உலா வருகிறது. இவற்றைப் பாருங்கள். கட்டாயம் பாருங்கள். "நம்பு" என்று அவர்கள் சொல்வதில்லை. "இதோ சான்று, நீயே எண்ணிப் பார்" என்கிறார்கள். நாள், கோள், ராகு காலம் என்று நடுங்கிக் கிடக்கும் நாட்டிலே இதைவிடத் தேவையான பாடம் வேறு உண்டோ?

ஆனால் பார்த்து முடித்ததும் வடமேற்கே திரும்புங்கள். மதுரைச் சமவெளியைத் தாண்டி மேகம் கவிந்து நிற்கிறதே பழனி மலைத்தொடர், அதன் உச்சியிலே கோடைக்கானல் வானாய்வு நிலையம் இருக்கிறது. 1899இல் தோன்றிய நிலையம் அது. ஜான் எவர்ஷெட் என்ற அறிஞர் 1909இல் அங்கே அமர்ந்துதான், ஞாயிற்றின் முகத்திலே தெரியும் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். இன்றும் உலகத்து வானியல் நூல்களிலே அந்த விளைவுக்கு அவர் பெயர்தான். நூறாண்டுக்கு மேலாகக் கதிரவனைப் படம் பிடித்துப் பிடித்து அடுக்கி வைத்திருக்கிறார்கள் அங்கே. அந்தப் படங்களை வரிசையாக ஓட்டினால் அதுவே ஒரு நூற்றாண்டு நீளமுள்ள ஆவணப்படம் அன்றோ? கோடைக்கானலுக்குப் போய்ப் படகு விட்டுவிட்டுத் திரும்புகிறோம். 'காஸ்மாஸ்' பார்த்தவன் மறுமுறை அந்த மலையேறும்போது, நிலையத்தின் வாயிலைத் தேடிப் போவான். போனானென்றால் அந்தப் படம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள்.

அடுத்து, கலை. சத்யஜித் ராய் 1976இல் 'பாலா' என்றொரு படம் எடுத்தார். நடனக்கலைப் பேரரசி பாலசரசுவதியைப் பற்றிய படம். தமிழ்நாட்டு அரசும் அதற்குத் துணை நின்றது. கடற்கரையிலே காற்று சீலையைப் பிடித்து இழுக்க, அந்த அம்மையார் ஆடுகிறார். அலையும் ஆடுகிறது, காற்றும் ஆடுகிறது. அவர் முகம் மட்டும் அசையாத விளக்காக ஒளிவிடுகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அம்மையார் பிறந்தது 1918. படம் எடுக்கப்பட்டபோது வயது ஐம்பத்தெட்டு! எந்த மரபிலே அந்தக் கலை தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டதோ, அந்த மரபிலே பிறந்த பெண்களைச் 'சதிராடுபவள்' என்று ஏசிய சமூகம், அந்த ஆட்டத்துக்கு மட்டும் புதுப்பெயர் சூட்டி மேடையேற்றிக் கைதட்டியது. அந்த மரபின் பெருமாட்டி முழு வலிவோடு ஆடிய காலத்திலே காமிரா எங்கே போயிருந்தது? முப்பத்து மூன்று நிமிடப் படத்தைப் பார்க்கும்போது, படத்திலே இல்லாத அந்த முப்பது ஆண்டுகளும் கண்முன் நிற்கின்றன.

மூன்றாவது, பண்பாடு. ஆர்.வி.ரமணி என்பார் 2003இல் எடுத்த படத்தின் பெயர் 'நீ எங்கே'. தோற்பாவைக் கூத்துக் கலைஞர்களைப் பற்றியது. தலைப்பே ஒரு கேள்வி! தோலைப் பதப்படுத்தி, வண்ணம் தீட்டி, விளக்கொளியிலே நிழலாட வைத்து, விடிய விடியக் கதை சொன்னவர்கள் எங்கே என்று கேட்கலாம். அவர்களைச் சுற்றி அமர்ந்து கேட்ட நாம் எங்கே என்றும் கேட்கலாம். இன்னொரு படம், நாடறிந்தது. முதுமலைத் தெப்பக்காட்டு யானை முகாமிலே, தாயை இழந்த யானைக் குட்டியை வளர்க்கும் பழங்குடி இணையரைப் பற்றிக் கார்த்திகி கொன்சால்வ்ஸ் எடுத்த 'தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்'. 2023இல் ஆஸ்கார் பரிசு பெற்றது. உலகம் கைதட்டியது. நாமும் தட்டினோம். ஆனால் அந்தப் படத்திலே யானையை மட்டும் பார்த்தவர் பாதிதான் பார்த்தார். காட்டை அறிந்த கை எது, காட்டைக் காக்கும் கை எது, அந்தக் கைக்குக் கிடைக்கும் கூலி எது என்று எண்ணிப் பார்த்தவரே முழுதும் பார்த்தவர்.

நான்காவது, வரலாறு. இங்கே சற்று நின்று பேசவேண்டும், தோழர்களே! இனி நான் சொல்லப்போவதற்கெல்லாம் இதிலேதான் அடித்தளம் இருக்கிறது.

பிரான்சு நாட்டு அலென் ரெனே என்பவரின் 'இரவும் மூடுபனியும்' என்ற படம் 1956இல் வெளிவந்தது. அரைமணி நேரப் படம். இட்லரின் கொலை முகாம்களைப் பற்றியது. மலைபோலக் குவிந்த தலைமயிர். எலும்பும் தோலுமாய் உடலங்கள். மனிதன் மனிதனுக்கு இழைத்த கொடுமையின் எல்லை! இவ்வளவும் காட்டுகிற படத்திலே பிரெஞ்சுத் தணிக்கையாளர்களின் கண்ணை உறுத்தியவற்றுள் ஒன்று என்ன தெரியுமா? ஒரு தொப்பி! யூதர்களைக் கொலைக்களத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் அடைத்து வைத்திருந்த முகாம் ஒன்றிலே காவல் நிற்கிறான் ஒருவன். அவன் தலையிலே இருப்பது செர்மானியத் தொப்பி அன்று. பிரெஞ்சுப் போலீசுத் தொப்பி. "அதை எடுத்துவிடு" என்றார்கள். அந்தத் தொப்பி திரையிலே மறைக்கப்பட்ட பிறகே படம் வெளியாயிற்று. பிணக்குவியலைக் காட்டலாம், அது எதிரி செய்தது. தொப்பியைக் காட்டலாகாது, அது நம்மவன் தலையிலே இருப்பது!

இந்தத் தொப்பியை மறந்துவிடாதீர்கள். எந்த நாட்டிலும், எந்த ஊரிலும், ஆவணப்படம் என்றால் அதிகாரத்திலிருப்போர் அஞ்சுவது இதற்குத்தான். கொடுமை தெரிந்துவிடுமே என்பதற்கு அன்று. கொடுமைக்குக் காவல் நின்ற தொப்பி யாருடையது என்பது தெரிந்துவிடுமே என்பதற்கு!

இப்போது பாரிசிலிருந்து மதுரைக்குத் திரும்புவோம்.

ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று மாதத்தின் பெயரையும் எல்லையின் பெயரையும் தாங்கிச் சதுரம் சதுரமாக விரியும் நகரம் நம் நகரம். எத்தனை படங்களிலே அதன் கோபுரத்தைக் காட்டியிருக்கிறார்கள்! எத்தனை படங்களிலே பொற்றாமரைக் குளத்தையும், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தையும் காட்டியிருக்கிறார்கள்! காட்டட்டும், அழகுதான், பெருமைதான். ஆனால் கோபுரத்தை நோக்கி உயர்ந்த காமிராவைக் கீழே இறக்கித் தெருவை நோக்கித் திருப்பினார் ஒருவர். மதுரைக்காரர்; ஆர்.பி.அமுதன் என்பது அவர் பெயர். 2003இல் அவர் எடுத்த படத்தின் பெயர், 'பீ'.

சொல்லக் கூசுகிறதா? இலக்கியத் தமிழிலே எழுதும் இந்தப் பத்தியிலே இந்தச் சொல்லா என்று முகம் சுளிக்கிறீர்களா? எழுதும் எனக்குச் சொல்லைக் கண்டு கூச்சம். படிக்கும் உங்களுக்கு ஓசையைக் கேட்டுக் கூச்சம். அதை நாள்தோறும் அள்ளுகின்ற கைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறோம்?

மதுரையிலே, கோயிலுக்கு அருகே ஒரு தெரு. விடிந்ததும் ஒரு துப்புரவுப் பணிப் பெண் வருகிறார். தெருவிலே மனிதர் கழித்து வைத்த மலத்தைக் கூட்டுகிறார், அள்ளுகிறார், எடுத்துச் செல்கிறார். காமிரா அவரோடு நடக்கிறது. அவர் குனியும்போது குனிகிறது. கனத்த குரலிலே விளக்கம் சொல்லும் ஆள் அங்கே தேவைப்படவில்லை. அரைமணிக்கும் குறைவான படம். பார்ப்பவர்களுக்கு அந்த அரைமணி ஓர் இரவாக நீள்கிறது.

இங்கே ஏட்டையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையால் மலம் அள்ளும் வேலைக்கு மனிதரை அமர்த்தலாகாது என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 1993இல். படம் எடுக்கப்பட்டது 2003இல். இடையிலே பத்து ஆண்டுகள்! 'ஒழித்துவிட்டோம்' என்றது ஏடு. 'இருக்கிறதே' என்றது படம். ஏடு பேசியது டில்லியிலே. படம் பேசியது மதுரைத் தெருவிலே. எதை நம்புவது?

2013இல் மீண்டும் ஒரு சட்டம் வந்தது. 2014 மார்ச் மாதத்திலே, 1993 முதல் சாக்கடைக்குள்ளும் கழிவுத் தொட்டிக்குள்ளும் இறங்கி மாண்டவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரிலே அதை முப்பது லட்சமாக உயர்த்தியது அதே நீதிமன்றம். நன்றாகக் கவனியுங்கள், தோழர்களே! 1993இலேயே ஒழிந்துவிட்ட தொழிலுக்கு, 2023இல் இழப்பீட்டை உயர்த்த வேண்டிய தேவை ஏன் வந்தது? முப்பது ஆண்டுகளாக ஏடு ஒன்று சொல்லிக் கொண்டிருக்கிறது; தொட்டிக்குள்ளிருந்து தூக்கப்படும் உடல் வேறொன்று சொல்லிக் கொண்டிருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலே நின்று சாட்சி சொல்வதுதான் ஆவணப்படம்.

அந்தச் சாட்சியைச் சொல்ல வந்தவர் மற்றொருவர், திவ்யபாரதி. 2015இல் மதுரையிலே கழிவுத் தொட்டிக்குள் இறங்கித் தொழிலாளர் இருவர் மாண்டனர். அந்த நிகழ்ச்சி தூண்டியதால் ஊர் ஊராக அலைந்து, மாண்டவர் வீடுகளைத் தேடிச் சென்று, அவர் எடுத்த படம் 'கக்கூஸ்'. 2017இல் வெளிவந்தது. என்ன வரவேற்புக் கிடைத்தது? ஊருக்கு ஊர் திரையிட அனுமதி மறுத்தது காவல்துறை. சட்டம்-ஒழுங்கு கெட்டுவிடுமாம்! மனிதன் மலக்குழிக்குள் மூச்சுத் திணறிச் சாகும்போது கெடாத ஒழுங்கு, அதைத் திரையிலே காட்டும்போது கெட்டுவிடுமாம்! பிரான்சிலே மறைக்கப்பட்டது ஒரு தொப்பி. இங்கே அந்தத் தொப்பிதான் வாயிற்படியிலே நின்றுகொண்டு, "உள்ளே போகாதே" என்றது. ஆயினும் படம் யூட்யூபிலே ஏறியது. கொட்டகை மறுக்கப்பட்ட படத்தைக் கைக்கருவிகளிலே மக்கள் பார்த்தார்கள்.

இது புதிய கதை அன்று. கே.ஏ.அப்பாஸ் 1968இல் 'நான்கு நகரங்களின் கதை' என்றொரு சிறு படம் எடுத்தார். கல்கத்தா, பம்பாய், சென்னை, டில்லி ஆகிய நான்கு நகரங்களிலே மாளிகையின் ஒய்யாரத்தையும் அதன் நிழலிலே வதங்கும் ஏழ்மையையும் அருகருகே வைத்துக் காட்டிய படம். அனைவரும் பார்க்கலாம் என்ற சான்றிதழைத் தணிக்கையாளர் மறுத்தனர்; அப்பாஸ் உச்ச நீதிமன்றம் வரையில் சென்றார். 1970இல் வந்த தீர்ப்பு, முன்தணிக்கை செல்லும் என்றது. அதே நேரத்திலே, தணிக்கைக்கு வரையறை வேண்டும், கலைக்கு இடம் வேண்டும் என்றும் சொன்னது. அன்று முதல் இன்று வரையிலே அந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் தேடிக் கொண்டிருக்கிறோம்.

இனி, மறுப்புரைகளுக்கு வருவோம். மறுப்பவரை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நமக்கு அழகன்று.

"இத்தகைய படங்கள் ஊரை இழிவுபடுத்துகின்றன, வெளிநாட்டான் பார்த்தால் என்ன நினைப்பான்?" என்கிறார் ஒருவர். ஐயா, புண் உடம்பிலே இருக்கிறது, கண்ணாடியிலே அன்று. கண்ணாடியை உடைத்துவிட்டால் புண் ஆறிவிடுமா? வெளிநாட்டான் என்ன நினைப்பான் என்ற கவலை இருக்கட்டும். அந்தத் தெருவைக் கூட்டுகிற பெண் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்ற கவலை நமக்கு என்றைக்கு வந்தது?

"இவையெல்லாம் ஒருபக்கச் சார்பு, ஆவணம் என்றால் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டாமா?" என்கிறார் இன்னொருவர். இது எளிதிலே தள்ளிவிடத்தக்க கேள்வியன்று. உலக ஆவணப்படத்தின் தந்தை என்று போற்றப்படும் ராபர்ட் பிளாகர்ட்டி, 1922இல் பனிநாட்டு மக்களைப் பற்றி 'நானூக்' என்ற படத்தைத் தந்தார். அரிய படம். ஆனால் உள்ளே காமிராவுக்கு வெளிச்சம் வேண்டுமென்பதற்காகப் பனிவீட்டைப் பாதியாகத் திறந்து வைத்தே படம் பிடித்தார். துப்பாக்கி பழகிவிட்ட மக்களை ஈட்டியோடு வேட்டையாட வைத்தார். ஆகவே, காமிரா எங்கேனும் ஓரிடத்திலே நின்றுதான் பார்க்கும். நிற்கும் இடத்துக்கேற்பத்தான் காட்சி தெரியும். இதை மறைக்கும் படமே ஏமாற்றும் படம். நம் பக்கத்துத் தோழர் எடுத்த படமாகவே இருந்தாலும், 'யார் பேசுகிறார்? யாரைப் பேச விடவில்லை? காசு கொடுத்தவர் யார்? இந்தக் காட்சி தானே நடந்ததா, நடத்தப்பட்டதா?' என்று நான்கு கேள்வி கேட்டுத்தான் ஏற்க வேண்டும். நமக்குப் பிடித்ததைச் சொல்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கைதட்டினால், அன்று செய்திப் படம் ஓடும்போது சோடா குடிக்கப் போனவனைவிட நாம் எவ்விதத்திலும் உயர்ந்தவர்கள் அல்லர்.

அதேபோல, அரசாங்கம் எடுத்தது என்பதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிடவும் வேண்டா. நாடு விடுதலை பெற்ற நாளிலே பிறந்தவர்களைத் தேடிப் பிடித்து, இருபது ஆண்டு நிறைவிலே, 1967இல், எஸ்.என்.எஸ்.சாஸ்திரி அதே திரைப்படப் பிரிவுக்காக எடுத்த படம் ஒன்று உண்டு; 'எனக்கு வயது இருபது' என்பது அதன் பெயரின் பொருள். நாட்டைப் பற்றி அந்த இளைஞர்கள் ஒளிவுமறைவின்றிப் பேசினார்கள். நம்பிக்கையும் பேசினார்கள், கசப்பும் பேசினார்கள். சோடா குடிக்க எழுந்து போனவர்கள் இப்படிப்பட்டதையும் இழந்துதான் போனார்கள்!

"பகலெல்லாம் பாடுபட்டவன் இரவிலும் துன்பத்தையா பார்ப்பான்?" என்கிறார் மூன்றாமவர். பாட்டும் கூத்தும் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வாரத்தில் ஆறு நாள் சிரியுங்கள். ஒரு நாள் அரைமணி நேரம் பாருங்கள் என்கிறோம். அது அதிகமா?

தமிழனுக்கு இத்துறை புதியதோ என்று எண்ணிவிடாதீர்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரிலே பிறந்தவர் ஏ.கே.செட்டியார். 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலிலே, அந்த இளைஞருக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று: காந்தியாரின் வாழ்வைப் படமாக்க வேண்டும்! கையிலே பெருஞ்செல்வம் இல்லை. பின்னாலே அரசு இல்லை. கண்டம் விட்டுக் கண்டம் தாவி, ஒரு லட்சம் மைல் அலைந்து, எவரெவரோ எங்கெங்கோ எடுத்து வைத்திருந்த படச்சுருள்களை ஐம்பதாயிரம் அடி வரையில் திரட்டினார். 1940 ஆகஸ்டிலே படம் வெளிவந்தது; தமிழ் விளக்கவுரையோடு! காந்தியார் உயிரோடிருந்த காலம். வெள்ளையன் ஆண்ட காலம். நாடு விடுதலை பெற்றபோது 1947இல் டில்லியிலே இந்தி வடிவம் காட்டப்பட்டது. 1953இல் அமெரிக்காவிலே ஆங்கில வடிவமும் வெளியாயிற்று. பிறகு? ஒரு லட்சம் மைல் அலைந்து தேடியவனின் படத்தையே தேடி அலைய வேண்டிய நிலை வந்தது நமக்கு! ஒரு படச்சுருளைப் பத்திரமாக வைக்கத் தெரியாத சமூகம், தன் பழம்பெருமையை மட்டும் மேடையிலே பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே, பட்டியல் மட்டும் போதாது. செயல் வேண்டும். என்ன செயல்?

ஒன்று: தனியே பாராதீர்கள்; கூடிப் பாருங்கள். கைக்கருவியிலே தனியாகப் பார்ப்பவன் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்ததற்குத் தள்ளிவிடுவான். பத்துப்பேர் கூடிப் பார்த்தால், விளக்கு எரிந்ததும் ஒருவன் "நம் தெருவிலே யார் அள்ளுகிறார்?" என்று கேட்பான். அந்தக் கேள்விக்காகத்தான் படம். ஊர்தோறும் நம் தோழர்களின் படிப்பகங்கள் உண்டு. ஒரு வெள்ளைத் துணி, ஒரு ஒளிபெருக்கி, இருபது நாற்காலி போதும். மேலூரிலும் திருமங்கலத்திலும், உசிலம்பட்டியிலும் வாடிப்பட்டியிலும், மாதம் ஒரு மாலைப் பொழுதை இதற்கென்று ஒதுக்குங்கள். வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள். அமுதனும் நண்பர்களும் 'மறுபக்கம்' என்ற அமைப்பின் வழியாக 1998இலேயே மதுரையிலே ஆவணப்பட, குறும்பட விழாவைத் தொடங்கிவிட்டார்கள். சோழவந்தான் விவசாயியும் மாட்டுத்தாவணிச் சுமைத் தொழிலாளியும் அந்த விழாவின் நாற்காலிகளிலே அமர வேண்டும்.

இரண்டு: நூலகமும் கல்லூரியும் கதவு திறக்க வேண்டும். மதுரையிலே 2023 ஜூலையில் எழுந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் தொடங்கிச் சிற்றூர்க் கிளை நூலகம் வரையில், புத்தகம் வைத்திருப்பது போலவே ஆவணப்படங்களையும் வைத்திருக்க வேண்டும். தமிழ் விளக்கத்தோடு வைத்திருக்க வேண்டும். செட்டியாருடைய படத்துக்கு நேர்ந்த கதி 'பீ'க்கும் 'கக்கூஸ்'க்கும் நேரலாகாது. திரையிடுவதற்குக் காவல் நிலையத்து வாயிலிலே கைகட்டி நிற்கும் நிலை ஒழிய வேண்டும்.

மூன்று: நீங்களே எடுங்கள். மதுரைக்கு அருகே அரிட்டாபட்டி மலை 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. சமணர் குகையும் பழந்தமிழ்க் கல்வெட்டும் தாங்கிய மலை அது. 2024இல் அந்த வட்டாரத்திலே டங்ஸ்டன் எடுக்க ஏலம் விடப்பட்டது. மக்கள் திரண்டார்கள்; 2025 ஜனவரியிலே அந்த ஏலம் கைவிடப்பட்டது. அந்த நாட்களிலே கைக்கருவியை உயர்த்திப் படம் பிடித்த இளைஞர்கள் எத்தனை ஆயிரம்! அவை சிதறிக் கிடக்கும் இலைகள், தொடுத்தால் மாலை. கீழடியிலே மண்ணைத் தோண்டிப் பழைய வாழ்வைக் காண்கிறோம், வேண்டிய பணிதான். நாம் வாழும் வாழ்வை நம் பேரப்பிள்ளைகள் எந்த மண்ணைத் தோண்டிக் காண்பார்கள்? இன்றே பதிந்து வையுங்கள்.

வாசகத் தோழர்களே! கொட்டகையிலே விளக்கு அணைந்தபோது எழுந்து வெளியே போனார்கள் நம் முன்னோர். பரவாயில்லை; அன்று திரையிலே இருந்தது பெரும்பாலும் அமைச்சரின் முகம். இன்று திரையிலே இருப்பது நம் தெரு. அந்தத் தெருவிலே, விடியற்காலையிலே, ஒரு பெண் குனிந்து நிற்கிறார். அவர் நிமிர்கிற வரையிலே, நாம் எழுந்து போகலாகாது!